ஹீமோபிலியா ஆபரேஷனுக்கு ஃபேக்டர் 8: குப்பி திறப்பதிலிருந்து தையல் பிரிப்பது வரை

ரத்தத்தை உறைய வைக்கும் ஃபேக்டர் 8 என்ற புரதம் பிறப்பிலேயே குறைவாக இருப்பதுதான் ஹீமோபிலியா ஏ. அது உள்ள, 60 கிலோ எடையுள்ள ஒருவருக்கு முழங்கால் மூட்டு மாற்று ஆபரேஷன் என்றால், அவர் வீடு திரும்புவதற்குள் ஏறக்குறைய 30,000 யூனிட் ஃபேக்டர் 8 அவர் உடம்பில் ஏறியிருக்கும். வீட்டில் ஒரு மூட்டுக் கசிவுக்கு அவர் போட்டுக்கொள்வது 1,000, 1,500 யூனிட்தான். வீட்டில் நல்ல பெயர் வாங்கிய மருந்து ஆபரேஷன் தியேட்டரிலும் அப்படியே நடந்துகொள்ளும் என்று நம்பி உட்கார்ந்துவிட முடியாது. இங்கே நாங்கள் ஃபேக்டர் மருந்துகளையும் அவற்றோடு ஒட்டிக்கொண்டு வரும் மற்ற மருந்துகளையும் ஆபரேஷன் என்ற ஒரே சூழலில் வைத்துப் பார்க்கிறோம். அளவுகோலும் ஒன்றுதான்: மூன்றாம் நாள் இரவு 2 மணிக்கு இவர் ரத்தத்தில் ஃபேக்டர் எவ்வளவு இருக்கிறது என்று கேட்டால் வார்டில் யாராவது எண்ணைச் சொல்ல முடியுமா? அதைச் சொல்ல உதவுகிற மருந்துக்கே எங்கள் ஓட்டு.

ரத்தத்தில் ஃபேக்டர் 8 சாதாரணமாக 50 முதல் 150 சதவீதம் வரை இருக்கும். 1 சதவீதத்துக்கும் கீழே இருந்தால் கடுமையான ஹீமோபிலியா, 1 முதல் 5 வரை நடுத்தரம், 5 முதல் 40 வரை லேசானது. கடுமையான வகைக்காரர் சிறுவயதிலிருந்தே ஊசியும் கையுமாக இருப்பார். அவருக்கு என்ன நோய் என்று எல்லோருக்கும் தெரியும். லேசான வகைக்காரர் நாற்பது வயதில் பல் பிடுங்கப் போய், மூன்று நாள் ரத்தம் நிற்காமல்தான் தன் நோயையே தெரிந்துகொள்வார். ஆபரேஷனுக்கு முன் இந்த இரண்டாமவர் தப்பிப் போகாமல் பிடிப்பதே முதல் வேலை. ரத்தம் உறைய ஆகும் நேரத்தை அளக்கும் ஏ.பி.டி.டி. பரிசோதனை சற்றே நீண்டிருந்தால் "பரவாயில்லை, பார்டர்லைன்" என்று கையெழுத்துப் போட்டு அனுப்பக்கூடாது. லேசான ஹீமோபிலியாவில் ஏ.பி.டி.டி. முழுக்க நார்மலாகவே வருவதும் உண்டு. தாய்மாமனுக்கோ தாய்வழிப் பாட்டனுக்கோ ரத்தம் நிற்காத தொந்தரவு இருந்ததா என்ற ஒரு கேள்வி, அந்த பரிசோதனை தவறவிட்டதைப் பிடித்துவிடும்.

முதலில், அதிகம் கையில் கிடைக்கிற மருந்து: பிளாஸ்மாவிலிருந்து எடுத்து, வைரஸ் நீக்கி, உறைய வைத்து உலர்த்திய ஃபேக்டர் 8 பொடி. 250, 500, 1,000 யூனிட் குப்பிகளில் வரும். பெட்டியைத் திறந்தால் பொடிக் குப்பி, 5 அல்லது 10 மி.லி. ஸ்டெரைல் தண்ணீர்க் குப்பி, இரண்டையும் இணைக்கும் இருமுனை ஊசி, வடிகட்டி ஊசி, சிரிஞ்ச், பட்டர்ஃபிளை ஊசி. பெட்டியின் மேல் 1,000 என்று பெரிதாக அச்சிட்டிருந்தாலும், அந்த பேட்ச்சில் உண்மையில் எத்தனை யூனிட் என்பதைப் பல கம்பெனிகள் குப்பி லேபிளில் தனியாகப் போடுகின்றன. கணக்குக்கு அந்த எண்ணைத்தான் எடுக்க வேண்டும். மூன்று குப்பியில் ஆளுக்குக் கொஞ்சம் குறைந்தாலும் கூட்டிப் பார்த்தால் கால் குப்பி காணாமல் போயிருக்கும்.

கலக்கும்போது வரிசை தவறினால் மருந்து வீண். இரண்டு குப்பியையும் ஃபிரிட்ஜிலிருந்து எடுத்து, அறை வெப்பத்துக்கு வரும்வரை கால் மணி நேரம் மேஜையில் வைத்துவிட வேண்டும். மூடியைக் கழற்றி, ரப்பரை ஸ்பிரிட் பஞ்சால் துடைத்து, காயவிட வேண்டும். இருமுனை ஊசியை முதலில் தண்ணீர்க் குப்பியில்தான் குத்த வேண்டும். பிறகு தண்ணீர்க் குப்பியைத் தலைகீழாகக் கவிழ்த்து, மறுமுனையைப் பொடிக் குப்பியில் இறக்க வேண்டும். பொடிக் குப்பிக்குள் காற்று உறிஞ்சப்பட்டு வெற்றிடம் இருப்பதால், தண்ணீர் சர்ரென்று தானாகவே உள்ளே பாயும். அவசரத்தில் பொடிக் குப்பியை முதலில் குத்திவிட்டால் வெற்றிடம் போய்விடும். தண்ணீர் இறங்காமல் நிற்கும். தண்ணீர் கண்ணாடிச் சுவரோரமாக வழிகிற மாதிரி லேசாகச் சாய்த்துப் பிடித்தால் நுரை கட்டாது. குப்பியைக் குலுக்கவே கூடாது. இரு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்து மெதுவாக உருட்டினால் போதும், சில நிமிடத்தில் தெளிந்துவிடும். குலுக்கினால் நுரைக்குள் புரதம் சிதைகிறது. போட்ட யூனிட்டுக்கு ஏற வேண்டிய அளவு ஏறாது. வடிகட்டி ஊசி ஒரு குப்பிக்கு ஒன்று. உறிஞ்சி எடுத்ததும் அதைக் கழற்றிவிட்டுத்தான் நரம்பில் போட வேண்டும். கலந்த மருந்தை 3 மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும், திரும்ப ஃபிரிட்ஜில் வைக்கக்கூடாது. பெரியவர்களுக்கு நிமிடத்துக்கு 3 மி.லி.க்கு மேல் போகாமல் ஏற்றுவது நல்லது. 10 மி.லி. குப்பி மூன்று என்றால் பத்து நிமிடம். இந்தப் பத்து நிமிடத்தை இரண்டு நிமிடமாகச் சுருக்கினால் முகம் சிவந்து, தலைவலியும் படபடப்பும் வரும்.

அளவுக் கணக்கு எளிது. ஒரு கிலோ எடைக்கு 1 யூனிட் ஃபேக்டர் 8 போட்டால் ரத்தத்தில் 2 சதவீதம் ஏறும். 60 கிலோ, 100 சதவீதம் வேண்டும் என்றால் 60 × 100 × 0.5, அதாவது 3,000 யூனிட். கணக்கில் 2,850 வந்தால் 3,000 போடுங்கள். திறந்த குப்பியில் மிச்சம் வைப்பதைப் போன்ற வீண்செலவு வேறில்லை. ஆனால் இந்த 2 சதவீதம் என்பது சராசரிதான். பருமனானவருக்கு அதிகம் ஏறும், குழந்தைக்குக் குறைவாக ஏறும். ஆபரேஷனுக்கு ஒரு வாரம் முன் ஒரு டோஸ் போட்டு, 15 முதல் 30 நிமிடத்தில் ஒரு ரத்த மாதிரி, அடுத்தடுத்த மணி நேரங்களில் இரண்டு மூன்று மாதிரி எடுத்துப் பார்த்தால், இவருக்கு எவ்வளவு ஏறுகிறது, எவ்வளவு வேகத்தில் இறங்குகிறது என்று இரண்டும் தெரிந்துவிடும். பலர் பணத்தை நினைத்து இந்தச் சோதனையை விட்டுவிடுகிறார்கள். பிறகு பதினான்கு நாளும் குருட்டாம்போக்கில் மருந்து ஏற்றும்போது, மிச்சம் பிடித்ததைப் போல் பல மடங்கு கரைந்துபோகும்.

உலக ஹீமோபிலியா கூட்டமைப்பின் 2020 வழிகாட்டி பெரிய ஆபரேஷனுக்குச் சொல்லும் அளவு இது: கத்தி வைக்கும் முன் 80 முதல் 100 சதவீதம், அடுத்த 1 முதல் 3 நாள் 60 முதல் 80, 4 முதல் 6 நாள் 40 முதல் 60, 7 முதல் 14 நாள் 30 முதல் 50. மருந்துக்குத் தட்டுப்பாடு உள்ள இடங்களுக்கு அதே வழிகாட்டியில் இன்னொரு வரிசையும் உண்டு: முன்னதாக 60 முதல் 80, பிறகு 30 முதல் 40, 20 முதல் 30, கடைசியில் 10 முதல் 20. இந்த இரண்டாம் வரிசை யாரோ ஏழை நாட்டுக்கென்று மனம்போனபடி எழுதியதில்லை. வேலூர் சி.எம்.சி. மருத்துவமனை குறைந்த அளவு ஃபேக்டரில் ஆபரேஷன் செய்த அனுபவத்தை 1990களிலேயே மருத்துவ இதழில் வெளியிட்டது. அங்கே பணியாற்றிய டாக்டர் அலோக் ஸ்ரீவஸ்தவாதான் 2013, 2020 வழிகாட்டிகள் இரண்டுக்கும் முதல் ஆசிரியர். குறைந்த அளவில் செய்யலாம். ஆனால் அங்கே லேப் எண்ணை வைத்துக்கொண்டு குறைத்தார்கள். எண் இல்லாமல் குறைப்பது வேறு விஷயம், அதை யாரும் செய்யக்கூடாது.

60 கிலோக்காரருக்குச் சரக்கு எவ்வளவு என்று பார்ப்போம். ஆபரேஷன் அன்று காலை 3,000, இரவு 1,500. அடுத்த மூன்று நாள் 12 மணி நேரத்துக்கு ஒருமுறை 1,500. அதற்கடுத்த மூன்று நாள் 12 மணி நேரத்துக்கு ஒருமுறை 1,000. பிறகு எட்டு நாள் 12 மணி நேரத்துக்கு ஒருமுறை 750. கூட்டினால் 31,500 யூனிட். இது திட்டம் போட மட்டும். ஃபேக்டர் 8-இன் அரை ஆயுள் (ரத்தத்தில் ஏறியது பாதியாகக் குறையும் நேரம்) 8 முதல் 12 மணி நேரம், 8 மணி நேரக்காரருக்கு முதல் மூன்று நாள் 8 மணி நேரத்துக்கு ஒருமுறை போட வேண்டிவரும். அதனால் ஐந்தில் ஒரு பங்கு கூடுதலாக, 38,000 யூனிட் வார்டு ஃபிரிட்ஜில் கண்ணெதிரே இருக்கும் வரை தேதி குறிக்கக்கூடாது என்பது எங்கள் உறுதியான கருத்து. "முதல் வாரத்துக்கு இருக்கிறது, மீதி வந்துவிடும்" என்று தொடங்கியவை ஏழாம் எட்டாம் நாளில் கசிந்து, ரத்தக்கட்டு சேர்ந்து, அதில் கிருமி பிடித்து, புதிதாக வைத்த மூட்டையே கழற்றும் நிலைக்குப் போயிருக்கின்றன. ஆபரேஷன் மேஜையில் ரத்தம் கொட்டுவதைப் பற்றித்தான் எல்லோரும் பயப்படுகிறார்கள். அங்கே 100 சதவீதம் ஃபேக்டர் இருக்கிறது, அனுபவமுள்ள ஆட்கள் சுற்றி நிற்கிறார்கள். பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. எல்லோரும் கலைந்து போன பிறகு வருகிற நாள்கள்தான் கவலைக்குரியவை.

டோஸ் நேரமும் அப்படித்தான். காலை 6 மணிக்கு வார்டில் 3,000 யூனிட் ஏற்றி அனுப்புகிறார்கள். முந்தைய கேஸ் இழுத்து, கத்தி வைக்கும்போது நண்பகல் 12. அரை ஆயுள் 10 மணி நேரம் என்றால் அப்போது 100 இல்லை, 66தான். முதல் டோஸைத் தியேட்டருக்குக் கூப்பிட்ட பிறகு, மயக்கம் கொடுப்பதற்குச் சற்று முன் போட வேண்டும். ஹீமோபிலியா கேஸ் அன்றைய பட்டியலில் முதல் கேஸாக இருக்க வேண்டும். திங்கள் அல்லது செவ்வாயாக இருப்பது இன்னும் நல்லது. அப்போதுதான் நெருக்கடியான முதல் மூன்று நாளும் லேப் திறந்திருக்கும் நாளாக அமையும். வெள்ளிக்கிழமை ஆபரேஷன், சனி ஞாயிறு ஃபேக்டர் பார்க்க ஆள் இல்லை என்பது நாமே வரவழைத்துக்கொள்ளும் ஆபத்து.

விட்டுவிட்டுப் போடுவதற்குப் பதில், முதல் டோஸுக்குப் பிறகு சிரிஞ்ச் பம்பில் மணிக்கு கிலோவுக்கு 2 முதல் 4 யூனிட் எனத் தொடர்ந்து செலுத்தும் முறையும் உண்டு. ஏறி இறங்காமல் ஒரே மட்டத்தில் நிற்பதால் மொத்தச் செலவு குறையும், இரவு டோஸ் மறந்துபோகும் தொல்லையும் இல்லை. பம்பின் அலாரத்துக்கு எழுந்து வருகிற நர்ஸும் தினமும் எண் சொல்லுகிற லேபும் இருந்தால் இதையே தேர்ந்தெடுக்கலாம். குழாய் மடங்கி இரண்டு மணி நேரம் யாரும் பார்க்காவிட்டால், அந்த மட்டம் சத்தமில்லாமல் இறங்கியிருக்கும்.

மருந்தைவிட லேபைப் பற்றியே அதிகம் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் மருந்தின் தரத்தை நமக்குக் காட்டுவதே அந்த எண்தான். நீல மூடி டியூபில் 3.2 சதவீத சோடியம் சிட்ரேட் இருக்கும். ஒரு பங்கு சிட்ரேட்டுக்கு ஒன்பது பங்கு ரத்தம். டியூபின் கோடு வரை ரத்தம் நிரம்பியாக வேண்டும். நரம்பு கிடைக்காமல் முக்கால் டியூப் எடுத்து அனுப்பினால் சிட்ரேட் மிஞ்சிப்போய் முடிவு பொய்யாகிவிடும். உறைய அதிக நேரம் எடுப்பதாகக் காட்டி, இல்லாத குறையை இருப்பதாகச் சொல்லும். ஃபேக்டர் ஏற்றிய அதே கையிலிருந்து, அதே கேனுலாவிலிருந்து மாதிரி எடுத்தால் குழாயில் ஒட்டியிருக்கும் மருந்தே கலந்து எண் எகிறும். ஹெபாரின் (ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து) போட்டுக் கழுவிய லைனிலிருந்து எடுத்தால் தலைகீழ். மறு கையில், புதிதாகக் குத்தி, டியூபை மெதுவாக நான்கைந்து முறை கவிழ்த்து, 4 மணி நேரத்துக்குள் லேபுக்குச் சேர்க்க வேண்டும். டியூபின் மேல் நேரம் எழுத வேண்டும், அதுவும் மாதிரி எடுத்த நேரம் மட்டும் போதாது. கடைசி டோஸ் எப்போது போட்டது என்றும் எழுத வேண்டும். 55 சதவீதம் என்ற எண் டோஸுக்கு அரை மணி கழித்து எடுத்ததென்றால் மோசமான செய்தி. அடுத்த டோஸுக்குச் சற்று முன் எடுத்ததென்றால் நிம்மதியாகத் தூங்கலாம். நேரம் எழுதாத எண்ணை வைத்து யாராலும் எதையும் தீர்மானிக்க முடியாது.

இன்ஹிபிட்டர் விஷயத்துக்கு வருவோம். கடுமையான ஹீமோபிலியா ஏ உள்ளவர்களில் ஏறக்குறைய 30 சதவீதம் பேருக்கு, வெளியிலிருந்து ஏற்றும் ஃபேக்டர் 8-ஐயே எதிரியாக நினைத்து உடம்பு எதிர்ப்புப் புரதம் தயாரிக்கும். அதுதான் இன்ஹிபிட்டர். இருந்தால் 3,000 என்ன, 10,000 யூனிட் போட்டாலும் மணலில் ஊற்றிய தண்ணீர்தான். ஆபரேஷனுக்கு முந்தைய ஒரு வாரத்துக்குள் இன்ஹிபிட்டரை அளக்கும் பெதஸ்டா முறையில், முடிந்தால் அதன் நைமேகன் திருத்த முறையில், பார்த்தாக வேண்டும். போன வருடம் பார்த்த ரிப்போர்ட் கணக்கில் வராது. 5 பெதஸ்டா யூனிட்டுக்குக் கீழே என்றால் அதிக அளவு ஃபேக்டர் 8 கொண்டே சமாளிக்கும் வழி சிலருக்கு இருக்கிறது. முன்பு எப்போதாவது 5-ஐத் தாண்டியவர் என்றால், இன்று பூஜ்யம் காட்டினாலும் நம்பக்கூடாது. ஃபேக்டர் 8 ஏற்றிய ஐந்தாறு நாளில் உடம்பு பழையதை ஞாபகப்படுத்திக்கொண்டு எதிர்ப்பை மேலே ஏற்றிவிடும். அது சரியாக ஆபரேஷனின் நெருக்கடியான நடு நாள்களில் வந்து விழும்.

ஃபேக்டர் 8-ஐ நம்பாமல் வேறு வழியில் ரத்தத்தை உறைய வைக்கும் மாற்றுவழி மருந்து இரண்டு அவர்களுக்கு உண்டு. ஒன்று ரீகாம்பினன்ட் (ரத்தத்திலிருந்து எடுக்காமல் மரபணு முறையில் தயாரித்த) ஃபேக்டர் 7ஏ, நோவோசெவன் என்ற பெயரில் எல்லோரும் அறிந்தது. கிலோவுக்கு 90 மைக்ரோகிராம், முதல் இரண்டு நாளாவது 2 மணி நேரத்துக்கு ஒருமுறை. 60 கிலோக்காரருக்கு ஒரு தடவைக்கு 5.4 மி.கி., ஒரு நாளைக்குப் பன்னிரண்டு தடவை, சுமார் 65 மி.கி. வேகமாக வேலை செய்கிறது, மனித பிளாஸ்மா கலக்காதது, இன்ஹிபிட்டரை மேலே தூண்டாது. குறை என்னவென்றால், இது வேலை செய்கிறதா என்று சொல்ல நம்பகமான சோதனை எதுவும் லேபில் இல்லை. கட்டுத்துணியையும் காயத்திலிருந்து ரத்தம் வடியும் டிரெயின் பாட்டிலையும் நாடித்துடிப்பையும் பார்த்துத்தான் கண்டுகொள்ள வேண்டும். எங்கள் இரவு 2 மணிக் கேள்விக்கு இந்த மருந்து பதில் சொல்லாது. 2 மணி நேர டோஸ் ஒன்று 4 மணி நேரமாகத் தள்ளிப்போனாலே காப்பு அறுந்துவிடும் என்பதால், இரவு நர்ஸிங் பலம் இல்லாத இடத்தில் இதை நம்பிப் பெரிய ஆபரேஷனுக்கு இறங்கக்கூடாது.

இரண்டாவது, பிளாஸ்மாவிலிருந்து எடுத்த பல ஃபேக்டர்கள் சேர்ந்த, ஃபெய்பா எனப்படும் கூட்டு மருந்து. கிலோவுக்கு 50 முதல் 100 யூனிட், 8 முதல் 12 மணி நேரத்துக்கு ஒருமுறை, நாளொன்றுக்கு 200-ஐத் தாண்டக்கூடாது. தாண்டினால் வேண்டாத இடத்தில் ரத்தம் உறையும் ஆபத்து. டோஸ் இடைவெளி நீண்டது என்பது வார்டுக்குப் பெரிய நிம்மதி. இதில் கொஞ்சம் ஃபேக்டர் 8 கலந்திருப்பதால் சிலருக்கு இன்ஹிபிட்டர் அளவு ஏறும்.

ஃபெய்பாவுக்கு இன்று ஒரு பெரிய எச்சரிக்கை சேர்ந்திருக்கிறது: எமிசிஸுமாப். ஃபேக்டர் 8-இன் வேலையை அதற்குப் பதிலாகச் செய்யும், தோலுக்கடியில் வாரம் ஒருமுறையோ மாதம் ஒருமுறையோ போட்டுக்கொள்ளும் இந்த மருந்து, ஹீமோபிலியா வீடுகளின் வாழ்க்கையையே மாற்றியிருக்கிறது. அதை எவ்வளவு பாராட்டினாலும் தகும். ஆனால் இதைப் போட்டுக்கொள்பவருக்கு ஃபெய்பா நாளொன்றுக்குக் கிலோவுக்கு 100 யூனிட்டுக்கு மேல், ஒரு நாளுக்கு மேல் கொடுத்தபோது சின்ன ரத்தக் குழாய்களில் உறைவு ஏற்பட்டு சிறுநீரகம் வரை பாதித்தது ஆய்வுகளிலேயே பதிவாகியிருக்கிறது. எமிசிஸுமாப் நோயாளிக்கு மாற்றுவழி மருந்து தேவைப்பட்டால் ஃபேக்டர் 7ஏ-தான் முதலில். மருந்தை நிறுத்தி இரண்டு மாதம் ஆயிற்று என்று சொன்னாலும் இந்த எச்சரிக்கை பொருந்தும். அதன் அரை ஆயுள் ஏறக்குறைய நான்கு வாரம். ஆறு மாதம் வரை உடம்பில் மிச்சம் இருக்கும்.

இன்னொரு சிக்கல் லேபில். எமிசிஸுமாப் உடம்பில் இருந்தால் ஏ.பி.டி.டி. நார்மலாக, சில சமயம் நார்மலைவிடக் குறைவாகவே வரும். அதைப் பார்த்து "ஹீமோபிலியாவே இல்லை, ஆபரேஷன் செய்யலாம்" என்று முடிவெடுத்தால் உயிருக்கே ஆபத்து. வழக்கமான ஒன்-ஸ்டேஜ் முறையில் ஃபேக்டர் 8 எண்ணும் பொய்யாக உயர்ந்து நிற்கும். மாட்டுப் புரதம் கொண்ட ரீஏஜென்ட் வைத்த க்ரோமோஜெனிக் முறை ஒன்றுதான் உண்மையைச் சொல்லும். அந்த வசதி உங்கள் ஊர் லேபில் உண்டா என்று தேதி குறிப்பதற்கு முன் கேளுங்கள். எமிசிஸுமாப் மட்டும் போட்டுக்கொண்டு பல் பிடுங்குவது போன்ற சின்ன வேலைகளைப் பலர் முடித்துவிடுகிறார்கள். பெரிய ஆபரேஷனுக்கு அது தனியாகத் தாங்காது. இன்ஹிபிட்டர் இல்லாதவருக்கு மேலே ஃபேக்டர் 8 கொடுத்தே ஆக வேண்டும்.

ரீகாம்பினன்ட் ஃபேக்டர் 8 பற்றிச் சுருக்கமாக: ஆபரேஷன் மேஜையில் பிளாஸ்மா வகைக்கும் இதற்கும் ரத்தம் நிறுத்துவதில் பெரிய வித்தியாசம் தெரியாது. நீள் ஆயுள் வகைகளில் 12 மணி நேர டோஸை 24 மணி நேரத்துக்குத் தள்ள சிலருக்கு முடிகிறது, குத்தும் தடவை குறைகிறது. ஒன்றை மட்டும் மறக்கக்கூடாது. வான் வில்லிபிராண்ட் என்ற இன்னொரு உறைவுப் புரதத்தில் குறையுள்ள வான் வில்லிபிராண்ட் நோய் உள்ளவருக்கு ஃபேக்டர் 8 மருந்து வாங்கி வரச் சொன்னால், வான் வில்லிபிராண்ட் புரதமும் சேர்ந்த பிளாஸ்மா வகையைத்தான் வாங்க வேண்டும். விலை அதிகம் என்பதால் ரீகாம்பினன்ட்தான் மேல் என்று எண்ணி வாங்கி வந்தால், அதில் அந்தப் புரதமே கிடையாது, அவருக்குப் பயன்படாது.

விலைக்குக் கிடைக்கும் பலன் என்று பார்த்தால் எல்லாவற்றையும் தோற்கடிப்பது டிரானெக்ஸாமிக் ஆசிட் மாத்திரை. உண்டான ரத்தக்கட்டு கரையாமல் பிடித்து வைப்பதுதான் இதன் வேலை. வாய், மூக்கு, தொண்டை ஆபரேஷன்களில் இதன் அருமை தெரியும், ஏனென்றால் எச்சிலே கட்டைக் கரைக்கும் தன்மை கொண்டது. கிலோவுக்கு 15 முதல் 25 மி.கி.; 60 கிலோவுக்கு 500 மி.கி. மாத்திரை இரண்டு அல்லது மூன்று, தினம் மூன்று வேளை, ஆபரேஷனுக்கு முன்பே தொடங்கி ஒரு வாரம். பல் பிடுங்கியவருக்கு 5 சதவீதக் கொப்பளிப்பு நீர் நல்லது. மெடிக்கல் ஷாப்பில் கிடைக்காவிட்டால் 500 மி.கி. மாத்திரை ஒன்றைப் பொடித்து 10 மி.லி. தண்ணீரில் கலக்கினால் அதே 5 சதவீதம்தான். இரண்டு நிமிடம் வாயில் வைத்திருந்து துப்ப வேண்டும், வேகமாகக் கொப்பளித்தால் கட்டு பெயர்ந்துவிடும். சிறுநீரில் ரத்தம் போகிறவருக்கு இதைக் கொடுக்கக்கூடாது. சிறுநீர்க் குழாயில் கட்டு உறைந்து அடைத்துவிடும். ஃபெய்பாவோடும் சேர்க்க வேண்டாம். சிறுநீரகம் பழுதானவருக்கு அளவைக் குறைக்க வேண்டும்.

லேசான ஹீமோபிலியா ஏ என்றால் டெஸ்மோபிரசின் கேட்டுப் பாருங்கள். கிலோவுக்கு 0.3 மைக்ரோகிராம், 50 முதல் 100 மி.லி. சலைனில் கலந்து அரை மணி நேரத்தில் ஏற்றினால், ஒரு மணி நேரத்தில் சொந்த ஃபேக்டர் 8 மூன்று முதல் ஆறு மடங்கு உயரும். 12 சதவீதம் இருந்தவர் 40-க்கு வந்தால் சின்ன ஆபரேஷனுக்கு அதுவே போதும்; ஒரு குப்பி ஃபேக்டர் கூட வேண்டாம், இன்ஹிபிட்டர் பயமும் இல்லை. எல்லோருக்கும் ஒரே மாதிரி ஏறாது என்பதால் முன்னாடியே ஒருமுறை போட்டுப் பார்த்துக்கொள்ள வேண்டும். மூன்று நாளுக்கு மேல் பலன் மங்கிவிடும். உடம்பில் தண்ணீரைத் தேக்கி சோடியத்தைக் குறைக்கும் மருந்து என்பதால் அன்று முழுக்கத் தண்ணீரைக் கட்டுப்படுத்த வேண்டும், இரண்டு வயதுக்குக் கீழே கொடுக்கக்கூடாது. ஃபேக்டர் 9 குறைவாக உள்ள ஹீமோபிலியா பி-க்கு இது பயனில்லை. மூக்கு ஸ்பிரே வாங்கும்போது கவனம்: படுக்கையில் சிறுநீர் போகும் பிள்ளைகளுக்குக் கொடுக்கும் ஸ்பிரேயில் ஒரு அழுத்தலுக்கு 10 மைக்ரோகிராம்தான், ரத்தப்போக்குக்கான ஸ்பிரேயில் 150. பெயர் ஒன்றுதான், பலம் பதினைந்தில் ஒரு பங்கு.

குப்பி கிடைக்காத ஊரில் கிரையோவும் (தானம் பெற்ற பிளாஸ்மாவை உறைய வைத்து இளக்கும்போது படியும் செறிவான பகுதி) பிளாஸ்மாவும் இன்னும் ஓடிக்கொண்டிருக்கின்றன. ஒரு கிரையோ பையில் ஏறக்குறைய 70 முதல் 80 யூனிட் ஃபேக்டர் 8. நம் 3,000 யூனிட்டுக்கு நாற்பது பை வேண்டும். பைக்கு 30, 40 மி.லி. என்றால் ஒன்றரை லிட்டர் வரை திரவம், நாற்பது பேர் ரத்தம், வைரஸ் நீக்கும் எந்த முறையும் இல்லாமல். அதுவும் முதல் டோஸுக்கு மட்டும். உயிர் போகும் அவசரத்தில் கைகொடுக்கும். திட்டமிட்ட ஆபரேஷனுக்கு இதை வைத்துத் தேதி கொடுப்பவரிடம் இன்னொரு டாக்டர் கருத்தையும் கேளுங்கள் என்றே சொல்வோம். கிரையோவில் ஃபேக்டர் 9 இல்லை என்பதால் ஹீமோபிலியா பி-காரருக்கு அது வெறும் தண்ணீர்தான்.

ஹீமோபிலியா பி-யில் கணக்கு மாறும். கிலோவுக்கு 1 யூனிட் ஃபேக்டர் 9 போட்டால் ஏறுவது 1 சதவீதம்தான், ரீகாம்பினன்ட் வகையில் பெரியவர்களுக்கு 0.8. 60 கிலோவுக்கு 80 சதவீதம் வேண்டும் என்றால் 4,800 யூனிட், ரீகாம்பினன்ட் என்றால் 6,000. அரை ஆயுள் 18 முதல் 24 மணி நேரம் என்பதால் பெரும்பாலும் நாளுக்கு ஒருமுறை போதும். ஏ நோயாளியின் சீட்டைப் பார்த்து பி நோயாளிக்கு அளவு எழுதிவிடும் தவறு நடக்கிறது. பாதி அளவுதான் ஏறியிருக்கும். சுத்தமான ஃபேக்டர் 9 கிடைக்கும்போது ஃபேக்டர் 9-உடன் வேறு ஃபேக்டர்களும் சேர்ந்த பி.சி.சி. கூட்டு மருந்தைத் திரும்பத் திரும்பப் பெரிய ஆபரேஷனுக்குப் பயன்படுத்துவது உறைவு ஆபத்தை வாங்கி வைப்பது.

வார்டில் மருந்தைத் தோற்கடிக்கும் சின்ன விஷயங்கள் சில. வலிக்கு டைக்ளோஃபெனாக் ஊசியை இடுப்பில் போடுவது இரட்டைத் தவறு: தசைக்குள் குத்தியதால் ஒரு கசிவு, தட்டணுக்களை மந்தமாக்கியதால் இன்னொன்று. பாராசிட்டமாலும் தேவைப்பட்டால் டிரமடாலும் நரம்பு வழியாகக் கொடுக்கலாம். முதுகில் ஊசி போட்டு மரத்துப்போகச் செய்வது ஃபேக்டர் 50-க்கு மேல் நிற்கிறது என்று எண் கையில் இருந்தால் மட்டும். எபிடியூரல் குழாய் வைத்திருந்தால் அதைப் பிடுங்கும்போதும் அதே அளவு வேண்டும். பல் டாக்டர் கீழ்த்தாடை நரம்புக்கு மரத்துப்போகும் ஊசி போடுவதானால் முன்னதாக ஃபேக்டர் ஏற்றியிருக்க வேண்டும். தொண்டைப் பக்கம் கசிந்து மூச்சடைக்கும் இடம் அது. டிரெயின் எடுப்பது, தையல் பிரிப்பது, பிசியோதெரபிக்கு முழங்காலை மடக்கத் தொடங்குவது, இவற்றையெல்லாம் டோஸ் போட்ட ஒரு மணி நேரத்துக்குள் வைத்துக்கொள்ள வேண்டும். காலை டோஸ் 6 மணிக்கு, பிசியோ வருவது மாலை 4 மணிக்கு என்றால் அன்றைய மருந்தின் வலிமை வீணாய்ப் போகிறது. பிசியோவின் நேரத்துக்கு டோஸை நகர்த்துங்கள். ஒரு யூனிட் கூடச் செலவு ஏறாது.

தமிழ்நாட்டில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் ஃபேக்டர் இலவசமாகக் கிடைக்கிறது. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் ஹீமோபிலியாவையும் பட்டியலில் சேர்த்திருக்கிறது. சான்றிதழ் எடுத்து வைத்திருங்கள். தனியாரில் ஆபரேஷன், அரசில் மருந்து என்று பிரித்துச் செய்ய நினைப்பவர்கள், மருந்தை எடுத்துப் போகும் வழியில் 2 முதல் 8 டிகிரிக்குள் வைத்திருக்க ஐஸ் பெட்டி கொண்டு போக வேண்டும். ஐஸ் கட்டி மேல் குப்பியை நேரடியாகப் படுக்க வைத்தால் உறைந்து கெட்டுப்போகும். நடுவில் ஒரு துணி வையுங்கள். ஒவ்வொரு குப்பியிலும் கிழித்தெடுக்கும் ஸ்டிக்கர் இருந்தால் கேஸ் ஷீட்டில் ஒட்டிவிட வேண்டும். இல்லாவிட்டால் பேட்ச் எண்ணைக் கையால் எழுதுங்கள்.

வீடு திரும்பிய பிறகு ஒரு பரிசோதனை பாக்கி இருக்கிறது. ஐந்து நாளுக்கு மேல் தொடர்ந்து ஃபேக்டர் ஏற்றியவருக்கு, அதிலும் வாழ்க்கையில் முதல்முறையாக இவ்வளவு ஏற்றிக்கொண்ட லேசான ஹீமோபிலியாக்காரருக்கு, புதிதாக இன்ஹிபிட்டர் முளைக்கலாம். கடைசி டோஸ் போட்ட நான்கு வாரத்துக்குள் மறுபடி இன்ஹிபிட்டர் பார்க்க வேண்டும். தையல் ஆறிவிட்டது, நடக்கவும் ஆரம்பித்துவிட்டார் என்று இதை விட்டுவிட்டால், அடுத்த கசிவுக்கு ஊசி போட்டு ரத்தம் நிற்காதபோதுதான் தெரியவரும். டிஸ்சார்ஜ் சீட்டிலேயே அந்தத் தேதியை எழுதி வாங்கிக்கொண்டு கிளம்புங்கள்.